தரவுத்தளம் மாறும்போது அட்டவணைகள் ஏன் அடம்பிடிக்கின்றன?

ஜொகூர் பாரு: கூலாய், செடெனாக், இஸ்கண்டார் புத்ரி என ஜொகூரில் பெரிய தரவு மையங்கள் அடுத்தடுத்து எழும்பி வருகின்றன. அதே மாநிலத்தில் ஆலயத்தின் உபயதாரர் பட்டியல், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் உறுப்பினர் விவரம், இளைஞர் இயக்கத்தின் வகுப்பு வருகைப் பதிவு போன்றவை பல இடங்களில் ஒரு தன்னார்வலர் ஓய்வு நேரத்தில் எழுதிக் கொடுத்த சிறிய இணையச் செயலியில்தான் இருக்கின்றன.

அந்தச் செயலி வளரும்போது அதன் தரவுத்தளத்தை, அதாவது தகவல்கள் சேமிக்கப்படும் கிடங்கை, மாற்ற வேண்டிய நாள் வருகிறது. அன்றுதான் திரையில் சிவப்பு எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். அட்டவணை உருவாகாது. உருவானாலும் காலியாக இருக்கும். காலியாக இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் இருக்கும்.

இந்தச் சிக்கல்கள் எங்கிருந்து வருகின்றன, எந்த வரிசையில் சரிசெய்வது, குறிப்பாகத் தமிழில் பதிவு வைத்திருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். பிழைச் செய்தி வந்தால் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். எந்தச் செய்தியும் இல்லாமல் கெட்டுப்போகும் தகவல்தான் உண்மையான ஆபத்து.

ஏன் மாற்ற நேர்கிறது?

புதிய செயலிகள் பல இன்று எஸ்கியூலைட் தரவுத்தளத்தில்தான் தொடங்குகின்றன. ஜாங்கோவில் அதுவே தொடக்க அமைப்பு. 2024 மார்ச்சில் வெளிவந்த லாராவெல் 11 பதிப்பிலிருந்து லாராவெல்லிலும் அப்படித்தான். எஸ்கியூலைட்டுக்குத் தனிச் சேவையகம் தேவையில்லை. முழுத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்பு. பழகுபவருக்கு இதைவிட எளிது வேறில்லை.

அதைக் குறைத்தும் மதிப்பிட வேண்டாம். ஒரு நாளைக்கு 100,000 வருகைகளுக்குக் குறைவான இணையத்தளங்களுக்கு எஸ்கியூலைட் தாராளமாகப் போதும் என்று அதை உருவாக்கியவர்களே கூறுகிறார்கள். நூறு இருநூறு உறுப்பினர்கள், வாரத்துக்குச் சில பதிவுகள் என்றால் மாற்றவே தேவையில்லாமல் இருக்கலாம்.

மாற்றத் தூண்டும் காரணங்கள் இரண்டு. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். தைப்பூசக் காவடிப் பதிவைத் திறந்த முதல் பத்து நிமிடத்தில் நூறு பேர் ஒன்றாக நுழைந்தால், 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்ற செய்தி சிலருக்கு வந்துவிடும். அடுத்த காரணம், சில மேகச் சேவைகள் செயலியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்புகளைத் துடைத்துவிட்டுத் தொடங்குகின்றன. தரவுத்தளமே ஒரு கோப்பு என்றால் அதுவும் போய்விடும். ஆகவே மைஎஸ்கியூஎல், மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

வரைபடம் வேறு, சரக்கு வேறு

முதல் குழப்பம் 'மைக்ரேஷன்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. லாராவெல், ஜாங்கோ போன்றவற்றில் மைக்ரேஷன் என்பது அட்டவணையின் வரைபடம். 'உறுப்பினர்' என்றோர் அட்டவணை, அதில் பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி என்று பத்திகள். அந்த வரைபடத்தை இயக்கினால் புதிய தரவுத்தளத்தில் காலி அட்டவணைகள் மட்டுமே எழும்பும். உள்ளே இருந்த உறுப்பினர்கள் தாமாக வந்து சேரமாட்டார்கள்.

அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் பெயரை மாற்றி, மைக்ரேஷனை ஓட்டி, தளத்தைத் திறந்து பார்த்து 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று பதறுகிறவர்கள் பலர். எதுவும் அழியவில்லை. பழைய கோப்பு பழைய இடத்தில்தான் இருக்கிறது. புது வீடு கட்டியாகிவிட்டது, சாமான்கள் இன்னும் பழைய வீட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

உண்மையில் அழிக்கக்கூடியது ஒன்று உண்டு. லாராவெல்லில் 'மைக்ரேட் ஃபிரெஷ்' என்ற கட்டளை எல்லா அட்டவணைகளையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். பிழை வந்தால் இதை ஓட்டிப் பார் என்று இணையத்தில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். காலித் தரவுத்தளத்தில் அது சரி. அமைப்புக் கோப்பு இன்னும் பழைய தரவுத்தளத்தையே காட்டிக்கொண்டிருக்கும்போது ஓட்டினால், பதினைந்து வருட உறுப்பினர் பட்டியல் ஒரு நொடியில் போய்விடும்.

எனவே முதல் வேலை நகல் எடுப்பது. தளத்தை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். எஸ்கியூலைட் கோப்பின் பக்கத்தில் அதே பெயரில், 'வால்' என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்தால், கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகள் அதில் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அவை விடுபடும். எஸ்கியூலைட்டின் சொந்த 'பேக்கப்' கட்டளையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

முதல் நாள் வரும் பிழைகள்

'குட் நாட் ஃபைண்ட் டிரைவர்' என்று வந்தால் சிக்கல் அட்டவணையில் இல்லை. பிஎச்பி மொழி புதிய தரவுத்தளத்துடன் பேசுவதற்கான இணைப்பு நிரல் நிறுவப்படவில்லை. அதை நிறுவினால் போதும்.

அமைப்பை மாற்றியும் செயலி பழைய தரவுத்தளத்திலேயே எழுதிக்கொண்டிருந்தால், லாராவெல் அமைப்பின் நகலைத் தற்காலிக நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நினைவை அழித்துவிட்டு மீண்டும் பாருங்கள். இது சிறியதாகத் தோன்றும், ஆனால் மிக மோசமான விளைவு தரக்கூடியது. பாதிப் பதிவுகள் பழைய இடத்திலும் பாதிப் பதிவுகள் புதிய இடத்திலும் சேர்ந்துவிடும்.

பிழை எண் 1050, 'டேபிள் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்': அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை உருவாக்கும் கட்டளை உடனுக்குடன் உறுதியாகிவிடும். ஒரு மைக்ரேஷன் நடுவில் முறிந்தால், அதுவரை உருவானவை அப்படியே நிற்கும், ஆனால் 'முடிந்தது' என்று ஏட்டில் பதிவாகாது. மறுபடி ஓட்டினால் அதே அட்டவணையில் இடிக்கும். போஸ்ட்கிரெஸில் அட்டவணை மாற்றங்களையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்ய முடியும், முறிந்தால் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். மைஎஸ்கியூஎல்லில் அரைகுறையாக நிற்கும் அட்டவணை காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு நாமே நீக்க வேண்டும்.

பிழை எண் 1071, 'ஸ்பெசிஃபைட் கீ வாஸ் டூ லாங்': 2017 ஜனவரியில் லாராவெல் 5.4 வந்தபோது உலகெங்கும் நிரலாளர்களைத் திணறவைத்த பிழை இது. அந்தப் பதிப்பு, எழுத்துக்கு 4 பைட் வரை இடம் தரும் யூடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாறியது. 255 எழுத்துப் பத்திக்கு 1,020 பைட் தேவை. பழைய மைஎஸ்கியூஎல் சேவையகங்களோ தேடல் குறியீட்டுக்கு 767 பைட்தான் தரும். 767-ஐ 4-ஆல் வகுத்தால் 191. அதனால்தான் இணையம் முழுக்க '191 போடு' என்ற வைத்தியம் பரவியது. மைஎஸ்கியூஎல் 5.7-இன் பிந்தைய பதிப்புகளில் அந்த எல்லை வழக்கமாக 3,072 பைட். இன்றும் இந்தப் பிழை வந்தால், வாடகைச் சேவையகம் பழையது அல்லது அட்டவணைகள் பழைய மைஐசாம் வகையில் உருவாகின்றன என்று கொள்ளலாம். சேவையகத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் 191.

பிழை எண் 1215 அல்லது 3780, அட்டவணை இணைப்பு பொருந்தவில்லை: 'சந்தா' அட்டவணையில் உள்ள உறுப்பினர் எண், 'உறுப்பினர்' அட்டவணையில் உள்ள எண்ணைச் சுட்ட வேண்டும். இரண்டு பத்திகளும் ஒரே வகையாக இல்லையென்றால் மைஎஸ்கியூஎல் மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் வந்த லாராவெல் 5.8 முதல், வரிசை எண்கள் பெரிய வகை முழு எண்ணாக உருவாகின்றன. அதற்கு முன் எழுதிய அட்டவணையும் பின் எழுதிய அட்டவணையும் ஒரே செயலியில் இருந்தால் இந்த மோதல் வரும். எஸ்கியூலைட் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

பிழை எண் 1824, சுட்டப்படும் அட்டவணை இல்லை: மைக்ரேஷன்கள் தேதி வரிசையில் ஓடும். 'சந்தா' முதலிலும் 'உறுப்பினர்' பிறகும் வந்தால் எஸ்கியூலைட் 'பரவாயில்லை' என்று விட்டுவிடும். மைஎஸ்கியூஎல் விடாது. கோப்புப் பெயரில் உள்ள தேதியை மாற்றி வரிசையைச் சரிசெய்யலாம்.

எஸ்கியூலைட் மன்னித்தவை

மேலே கண்டவை வரைபடத்தின் பிழைகள். சரக்கை ஏற்றும்போதுதான் பல வருடக் கணக்கு வெளியே வரும். எஸ்கியூலைட் தாராள மனம் கொண்டது. 'பெயர் 50 எழுத்து' என்று எழுதி வைத்தாலும் 80 எழுத்தை வாங்கிக்கொள்ளும். 'எண்' என்று சொன்ன பத்தியில் 'தெரியாது' என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பு முதல் கண்டிப்பான அட்டவணை என்றொரு வசதி உண்டு. ஆனால் அதை நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

மைஎஸ்கியூஎல் 5.7 முதல் கண்டிப்புமுறைதான் வழக்கம். நீளம் மீறினால் 1406, எண்ணின் எல்லை மீறினால் 1264, தேதி தவறென்றால் 1292, இல்லாத உறுப்பினரைச் சுட்டும் சந்தா என்றால் 1452. இந்த எண்களைப் பார்த்து எரிச்சலடைந்து கண்டிப்புமுறையை அணைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அணைத்தால் பிழை நிற்கும், 80 எழுத்துப் பெயர் 50-இல் சத்தமில்லாமல் வெட்டப்படும்.

நம் நாட்டுப் பதிவுகளில் மிக அதிகமாக அடிபடுவது அடையாள அட்டை எண். மைகாட் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2000-க்குப் பிறகு, 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அதை 'எண்' வகைப் பத்தியில் வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்துவிடும். 2005-இல் பிறந்தவருக்கு 11 இலக்கம்தான் மிஞ்சும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவருக்கு 9. கைப்பேசி எண்ணின் முதல் பூஜ்யத்துக்கும் இதே கதி.

இதில் எஸ்கியூலைட்டின் ஒரு விநோதம் உண்டு. பத்தியின் வகையை 'டெக்ஸ்ட்' என்றோ 'வார்சார்' என்றோ எழுதினால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். 'ஸ்ட்ரிங்' என்று எழுதினால் எண்ணாக மாற்றப் பார்க்கும்! கையால் அட்டவணை உருவாக்கியவர்கள் இதில் மாட்டியிருக்கலாம். நல்ல வேளையாக மருந்து எளிது. மைகாட் எண் எப்போதும் 12 இலக்கம் என்பதால், குறைந்த இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து நிரப்பிவிடலாம். ஆனால் அதே பத்தியில் கடப்பிதழ் எண்ணோ பழைய அடையாள அட்டை எண்ணோ கலந்திருந்தால் முதலில் பிரித்துவிட வேண்டும்.

அடையாள அட்டை எண் இன்னொரு வகையிலும் கைகொடுக்கும். எஸ்கியூலைட் தேதியை வெறும் எழுத்தாகவே வைக்கும் என்பதால், ஒரே பத்தியில் '1962-05-13' என்றும் '13/5/1962' என்றும் இரண்டு விதமாக இருக்கும். '5/6/1962' என்றால் ஜூன் ஐந்தா, மே ஆறா? அதே வரியில் உள்ள அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

மின்னஞ்சல் முகவரியையும் பாருங்கள். எஸ்கியூலைட்டுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான அமைப்பில் இரண்டும் ஒன்று. ஒரே முகவரி இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் 1062, அதாவது 'இரட்டைப் பதிவு' என்ற பிழை வரும். அநேகமாக அது ஒரே ஆள் இரண்டு முறை பதிந்ததாக இருக்கும். எந்தப் பதிவில் சந்தா கட்டியிருக்கிறார் என்று பார்த்து ஒன்றாக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நீக்கினால் அவருடைய ரசீதுகள் அநாதையாகிவிடும்.

தமிழ் எழுத்துக்கு என்ன ஆகும்?

'சுப்பிரமணியம்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு 13, ஏனென்றால் உகரக் குறியையும் இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் சேமிப்பில் 39. எனவே ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து '30 எழுத்து போதும்' என்று வரையறுத்த பத்தியில், தகப்பனார் பெயரோடு சேர்த்து எழுதிய தமிழ்ப் பெயர் அடங்காது.

இந்தக் கணக்கு சரிபார்க்கும்போதும் குழப்பும். நீளம் என்ன என்று எஸ்கியூலைட்டிடமும் போஸ்ட்கிரெஸிடமும் கேட்டால் 13 என்று சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் 'லெங்த்' என்று கேட்டால் 39 என்று பைட் கணக்கைத் தரும். 'சார் லெங்த்' என்று கேட்டால்தான் 13 வரும். எண் மாறியதைப் பார்த்துத் தகவல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

விக்கிப்பீடியாவிலும் இதைக் காணலாம். அங்கே கட்டுரைத் தலைப்புக்கு 255 பைட் என்பது எல்லை. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு 85 குறிகள் மட்டுமே.

மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பழைய அமைப்பு எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். அன்றாடத் தமிழ் அதில் அடங்கிவிடும் என்பதால் சோதனையில் எந்தக் குறையும் தெரியாது. ஒரு நாள் யாராவது நன்கொடைக் குறிப்பில் கைகூப்பும் பட எழுத்தைச் சேர்ப்பார், 1366 என்ற பிழை வரும். மா, காணி, முந்திரி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அதில் அடங்காது. 2019-இல் யூனிகோடு 12.0-இல் சேர்க்கப்பட்ட 51 தமிழ்க் குறிகள் 4 பைட் பிடிப்பவை. ஆகவே தொடக்கத்திலேயே தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக வையுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் சிக்கல்தான்.

பழைய மைஎஸ்கியூஎல் தளத்திலிருந்து மாறுகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0 வரும்வரை அதன் தொடக்க அமைப்பு 'லத்தீன்1', அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அந்த அட்டவணையில் தமிழைச் சேமித்த பல தளங்கள் பல ஆண்டுகள் நன்றாகவே ஓடின, ஏனென்றால் போட்ட பைட்டை அப்படியே திருப்பித் தந்தது. இடம் மாற்றும்போதுதான் குட்டு உடையும். அப்போது என்ன தெரிகிறது என்று கூர்ந்து பாருங்கள்.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'-யும் வட்டத்துக்குள் 'ஆர்'-உம் திரும்பத் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம். தமிழின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, தவறான கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். பத்தியை முதலில் வெறும் பைட் வகையாக மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை வேறு. எழுத்து உண்மையிலேயே அழிந்துவிட்டது. கேள்விக்குறியிலிருந்து எந்தப் பெயரையும் மீட்க முடியாது. உடனே நிறுத்திவிட்டு நகலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

'ஜொகூர்' என்ற சொல்லே ஒரு நல்ல சோதனை. முதல் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. எஸ்கியூலைட்டுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் அவை இரண்டு வேறு சொற்கள். 'ஜொகூர்' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதை ஒரே வடிவமாக்கும் 'நார்மலைஸ்' வசதி உள்ளது. மற்றவற்றில் இடமாற்றும் நிரலிலேயே செய்துவிடலாம்.

பெயர் வரிசைக்கும் ஒரு சோதனை உண்டு. மயில்வாகனன், மலர்விழி, மனோகரன்: அகராதி முறையில் இதுதான் வரிசை, ஏனென்றால் னகரம் மெய்களில் கடைசி. ஆனால் யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. வெறும் குறி எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் எஸ்கியூலைட்டில் மனோகரன் முதலில் வந்து நிற்பார். யூனிகோடின் வரிசை விதிகளைப் பின்பற்றும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். போஸ்ட்கிரெஸ் 10 முதல் தமிழுக்கெனத் தனி வரிசை அமைப்பும் கிடைக்கிறது. மைஎஸ்கியூஎல் 8-இன் '0900' என்ற எண் கொண்ட வரிசை அமைப்பைப் பழைய மரியாடிபி அறியாது. அங்கே 1273 என்ற பிழை வந்தால் காரணம் அதுதான்.

1990-களில் தட்டச்சு செய்த பட்டியல்களை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தன. எந்தத் தரவுத்தளத்துக்குப் போனாலும் அவை தாமாகத் தமிழாகா. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைத் தொடக்கத்தில் யூனிகோடு அல்லாத குறியேற்றத்தில்தான் வெளியிட்டது, பின்னரே யூனிகோடுக்கு வந்தது.

எட்டு மணி நேரமும் வெள்ளிக்கிழமையும்

மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால். இடமாற்றும்போது ஒரு பக்கம் மலேசிய நேரம் என்றும் மறுபக்கம் பொது நேரம் என்றும் எடுத்துக்கொண்டால், பிப்ரவரி 1 நள்ளிரவில் பதிவான நிகழ்ச்சி ஜனவரி 31 மாலை 4 மணிக்கு நகர்ந்துவிடும். தேதி மட்டும் காட்டும் பக்கத்தில் அது 'ஒரு நாள் முன்னதாக' என்று தெரியும். எல்லா நிகழ்ச்சியும் ஒரு நாள் தள்ளி இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

பிறந்த தேதியை 'டைம்ஸ்டாம்ப்' வகையில் வைக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அது 1970-இல் தொடங்கி 2038 ஜனவரியில் முடிகிறது. 1948-இல் பிறந்த மூத்த உறுப்பினருக்கு அதில் இடமில்லை. 'டேட்' வகையே சரி.

ஜொகூருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2014 ஜனவரி 1 முதல் 2024 முடியும்வரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும். வகுப்பு வருகை அறிக்கையில் விடுமுறை நாளைக் கிழமை எண்ணால் குறித்திருந்தால், அந்த எண் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். வெள்ளி என்பது எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸிலும் 5. மைஎஸ்கியூஎல்லில் ஒரு கட்டளைக்கு 6, இன்னொன்றுக்கு 4. பிழை எதுவும் வராது, அறிக்கை மட்டும் தவறாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் போகிறவர்களுக்கு

சரக்கை ஏற்றி முடித்த பிறகு முதல் புதிய உறுப்பினரைச் சேர்க்கும்போது 'டூப்ளிகேட் கீ' என்று வந்தால் வரிசை எண் எந்திரம் இன்னும் 1-இலேயே நிற்கிறது என்று பொருள். பழைய எண்களோடு வரிகளை ஏற்றினால் போஸ்ட்கிரெஸ் தன் எண்ணியைத் தானாக நகர்த்தாது. ஒவ்வொரு அட்டவணைக்கும் கடைசி எண்ணுக்கு அதை நகர்த்திவிட வேண்டும். ஆம், இல்லை என்பதை எஸ்கியூலைட்டும் மைஎஸ்கியூஎல்லும் 1, 0 என்று வைக்கும். போஸ்ட்கிரெஸ் 'மெய், பொய்' என்று தனி வகையாகக் கேட்கும். இவற்றில் பலவற்றைத் தானே கவனித்துக்கொள்ளும் 'பிஜிலோடர்' என்ற இலவசக் கருவி எஸ்கியூலைட்டிலிருந்தும் மைஎஸ்கியூஎல்லிலிருந்தும் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றித் தரும்.

ஒத்திகை பார்த்துவிட்டு மாறுங்கள்

விக்கிப்பீடியா 2013-இல் மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபிக்கு மாறியபோது ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. ஒரு பிரதிச் சேவையகத்தை முதலில் மாற்றி, உண்மையான வேலையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பிறகே மற்றவற்றுக்குப் போனார்கள். அந்த ஒழுங்கு நம் சிறிய சங்கங்களுக்கும் பொருந்தும்.

முதலில் நகலை வைத்து ஒத்திகை. வரும் பிழைகளை எல்லாம் குறித்து, திருத்தங்களைக் கையால் செய்யாமல் ஒரு நிரலாக எழுதி வையுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை பிழையில்லாமல் ஒருமுறை ஓடிய பிறகே நாள் குறியுங்கள். அன்று தளத்தைப் பூட்டி, புதிய பதிவு எதுவும் நுழையாமல் செய்துவிட்டு மாற்றுங்கள்.

பிறகு சரிபார்ப்பு. ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை வரி என்று இரு பக்கமும் எண்ணுங்கள். நன்கொடைத் தொகையின் கூட்டுத்தொகை சென் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஸ்கியூலைட் தசமப் பணத்தை மிதவை எண்ணாக வைப்பதால் இங்கே சில சென் வேறுபடலாம், எந்த வரியில் என்று தேடுங்கள். 12 இலக்கம் இல்லாத மைகாட் எண்கள் எத்தனை? கேள்விக்குறி உள்ள பெயர்கள் எத்தனை? கடைசியாக, உறுப்பினர்களை நேரில் அறிந்த ஒருவரை உட்காரவைத்து இருபது பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். 'இவர் பெயரில் ழகரம் வரும்' என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது, பழைய செயலாளர் சொல்லிவிடுவார்.

இடையில் ஓர் எச்சரிக்கை. 'தரவுத்தளத்தை இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று கோப்பைப் பதிவேற்றச் சொல்லும் இணையத்தளங்கள் உள்ளன. நூற்றுக்கணக்கானவர்களின் அடையாள அட்டை எண்ணும் முகவரியும் அதில் இருக்கின்றன. முகம் தெரியாதவர்களிடம் அதைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. உங்கள் கணினியிலேயே ஓடும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒத்திகை நகல்களையும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கணினி தெரியாத நிர்வாகிகளும் இதில் பொறுப்பேற்கலாம். தளத்தை மாற்றப்போகிறோம் என்று தன்னார்வலர் சொல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நகல் எங்கே இருக்கிறது, அதைத் திறந்து பார்த்தாகிவிட்டதா? மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை உறுப்பினர்கள், எவ்வளவு ரிங்கிட்? ஏதாவது தவறினால் பழைய தளத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் மாற்றலாம். வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.

பழைய கோப்பை மாற்றிய மறுநாளே அழிக்க வேண்டாம். படிக்க மட்டும் முடியும்படி பூட்டி, குறைந்தது ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியும்வரை வைத்திருங்கள். விடுபட்ட ஒரு பெயர், மாறிப்போன ஒரு தேதி பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் யாராவது எழுந்து கேட்கும்போது வெளிப்படும். அப்போது திறந்து காட்ட ஒரு சான்று கையில் இருக்க வேண்டும்.